கார் சீட் நல்ல சீட்தான், அந்தச் சிவப்பு பட்டன்தான் சனியன்

"உன் பிள்ளைக்கு வெச்சிருக்கிற அதே கார் சீட் இப்ப விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" என்று அலுவலகத் தோழி கேட்டாள். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் அதன் பெல்ட்டைப் பூட்டும் பக்கிள் திறக்காமல் சிக்கிக்கொண்டு, மடிப்பாக்கம் வீட்டு வாசலில் பிள்ளையை ஸ்ட்ராப்புக்குள்ளிருந்து உருவி எடுத்திருந்தோம். அதனால் கீழே எழுதியிருப்பதில் கொஞ்சம் கோபம் கலந்திருக்கும்.

எங்களுடையது ஆர்44 (குழந்தை சீட்டுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதி) ஆரஞ்சு லேபிள் போட்ட, பிறந்ததிலிருந்து 18 கிலோ வரைக்குமான கன்வர்டிபிள் வகை, அதாவது பின்னோக்கியும் முன்னோக்கியும் வைக்கலாம். காரின் சீட் பெல்ட்டாலேயே கட்ட வேண்டும், காரிலிருக்கும் கம்பி வளையங்களில் நேராக மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கிடையாது. பிராண்ட் பெயரைக் கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 13 கிலோ வரை பின்னோக்கி உட்கார வைக்கலாம் என்று போட்டிருந்ததால், அந்த எடை வரும்வரை திருப்பவே இல்லை. சின்னக் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை ரொம்பக் கனம், கழுத்து இன்னும் உறுதிப்படவில்லை. வண்டி முன்னால் மோதினால், பின்னோக்கி இருக்கும் சீட்டின் முதுகுப்பகுதி தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். "கால் மடங்கிக் கிடக்கே, பாவம்" என்று அத்தை ஒவ்வொரு முறையும் சொல்வார். அவனோ சம்மணம் போட்டுக்கொண்டு, பின் கண்ணாடி வழியாக ஜிஎஸ்டி ரோட்டு லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தான். அழுத பிள்ளை பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் தூங்கிவிடும். இது நாங்கள் எதிர்பார்க்காத சுகம். முன் சீட்டில் மட்டும் பின்னோக்கி வைத்துவிடாதீர்கள். ஏர்பேக் விரிந்தால் நேராக அந்தச் சீட்டின் முதுகில்தான் வந்து அறையும்.

ஒரு தடவை கைவேலி சிக்னல் அருகே ஆட்டோ ஒன்று குறுக்கே வெட்ட, கணவர் பிரேக்கை மிதித்தார். பின் சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டில் பறந்து வந்து கியர் பக்கத்தில் விழுந்தது. பிள்ளை இருந்த இடத்தில் இருந்தான், தூக்கம்கூடக் கலையவில்லை. வாங்கின காசு அன்றைக்கே வசூல் என்று நினைத்தேன்.

அப்படியும் அத்தைக்கு மனசு ஆறவில்லை. "மடியில வெச்சுக்கிறேன், உங்களையெல்லாம் அப்படித்தானே வளர்த்தோம்." கணவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார்: 50 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். மோதி, விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வண்டி நின்றால், 10 கிலோ பிள்ளையைப் பிடித்துக்கொள்ள 140 கிலோவைத் தாங்குகிற பலம் வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டை ஐந்துக்கும் மேல். அத்தை யோசித்துவிட்டு, "அரிசி மூட்டை என் கழுத்தைக் கட்டிக்காது, பிள்ளை கட்டிக்கும்ல?" என்றார். இதற்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை.

சட்டமும் இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், 194பி பிரிவு: 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு சீட் பெல்ட்டோ கார் சீட்டோ இல்லாமல் வண்டி ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம். வேளச்சேரியில் ஹெல்மெட் பிடிக்கிறார்கள், ஓஎம்ஆரில் ஸ்பீடு பிடிக்கிறார்கள். எங்கள் பின் சீட்டை மட்டும் யாரும் குனிந்து பார்த்ததில்லை.

இனி பக்கிள். ஐந்து முனை பெல்ட்டில் தோளிலிருந்து வரும் இரண்டு உலோக நாக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, தொடைகளுக்கு நடுவே இருக்கும் பெட்டியில் சேர்த்துச் செருக வேண்டும். இரண்டு கையும் வேண்டும். பிள்ளையோ அந்த நேரம் பார்த்து வில்லாக வளைவான். அந்தப் பெட்டியின் வாய் மேலே பார்த்துத் திறந்திருக்கிறது. நடுத்தொடையில், வாயைத் திறந்துகொண்டு! பிஸ்கட் தூள், தட்டைத் துணுக்கு, ஜூஸ் எல்லாம் போய்ச் சேருகிற இடம் அதுதான். உள்ளே சேர்ந்த தூள், பூட்டு முழுசாக இறங்குவதைத் தடுக்கும். சில நாள் பூட்டாது, சில நாள் திறக்காது. மோசமானது மூன்றாவது: பூட்டின மாதிரி இருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். 'டிக்' கேட்டாலும் ஒரு முறை இழுத்துப் பார்க்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை.

திறக்கும் சிவப்பு பட்டன் வேண்டுமென்றேதான் கெட்டியாக இருக்கிறது. குழந்தையே அமுக்கித் திறந்துவிடக் கூடாது என்பதற்காக, 4 முதல் 8 கிலோ அளவு அழுத்தம் தேவைப்பட வேண்டும் என்பது ஆர்44 விதி. நியாயம்தான். ஆனால் மூட்டுவலி உள்ள அத்தையின் கட்டைவிரலுக்கும் சேர்த்தல்லவா அந்த விதி?

இதோடு நம் ஊர் வெயில். கத்திரி நேரத்தில் திறந்த வெளியில் நிறுத்தின காரில் அந்த உலோக நாக்கு தொடையில் பட்டால் சுரீர் என்று சுடும். அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி ஒன்று காரிலேயே இருக்கிறது. இறங்கும்போது சீட் முழுக்கப் போர்த்திவிட்டுப் போவோம், ஏறும்போது புறங்கையால் தொட்டுப் பார்ப்போம். முதுகு வியர்க்கிறதே என்று துண்டை மடித்துப் பின்னால் சொருகும் வேலை மட்டும் வேண்டாம். மோதும்போது துண்டு நசுங்கி அந்த அளவுக்கு ஸ்ட்ராப் தளர்ந்துவிடும். தோள் பக்கம் ஸ்ட்ராப்பை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு எழும்பினால் இன்னும் இறுக்க வேண்டும்.

அன்றைக்குச் சிக்கின பக்கிளுக்கு, தெருமுனை மெக்கானிக் ஒரு சொட்டு எண்ணெய் விடலாம் என்று டப்பாவோடு வந்தார். எண்ணெய் கூடாது, வெந்நீரில் அலச வேண்டும் என்று மேனுவலில் தெளிவாக இருக்கிறது. எண்ணெய் பட்டால் தூசி இன்னும் ஒட்டும். அடியிலிருந்து பக்கிளைக் கழற்றி, வெந்நீரில் ஆட்ட ஆட்ட, ஒரு தீபாவளி பலகாரமே வெளியே வந்தது. காய்ந்ததும் வெண்ணெய் மாதிரி திறந்தது. பிறகும் பக்கிளைப் புதிதாக மாற்றிவிடலாம் என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். தனியாகப் பக்கிள் தர மாட்டார்களாம், முழு சீட்டையும் கூரியரில் அனுப்ப வேண்டுமாம். அதுவரை பிள்ளையை எதில் உட்கார வைப்பது என்றதற்கு, "மேம், அது உங்க சாய்ஸ்" என்று பதில்.

ஆகவே தோழிக்கு: வாங்காதே. உன் காரில் பின் சீட்டின் இடுக்கில் இரண்டு கம்பி வளையங்கள் இருக்கின்றன, கைவிட்டுத் துழாவிப் பார். அதுதான் ஐசோஃபிக்ஸ். அதில் மாட்டுகிற, ஆர்129 (ஆர்44-க்குப் பிறகு வந்த விதி) போட்ட சீட்டாகப் பார். குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கித்தான் என்று அந்த விதியே சொல்லிவிடுகிறது, வீட்டில் வாதாட வேண்டியதில்லை. அதிலும் பக்கிள் இதே மாதிரிதான் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தக் கம்பெனிக்கு இன்னொரு வாடிக்கையாளரை நான் பிடித்துக் கொடுப்பதாக இல்லை. எங்களுடையதைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றும் கேட்காதே. 18 கிலோ ஆகிறவரை இவனுக்கே வேண்டும்.

கடைக்குப் போகும்போது உன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ. சிவப்பு பட்டனை அவர் அமுக்கிப் பார்க்கட்டும். நீ ஆபீஸில் இருக்கும்போது பிள்ளையை இறக்கப்போவது அவர்தான்.