ஜெர்மனா, ரஷ்யனா: துருப்பிடிக்காத மொழி எது?

இங்கிலீஷும் அரைகுறை இந்தியும் கையிலிருக்க, அடுத்து என்ன மொழி படிக்கலாம் என்று யோசித்தபோது மனசு முதலில் ரஷ்யன் பக்கம்தான் சாய்ந்தது. காரணம் அப்பாவின் அலமாரி. அவர் தொழிற்சங்கக்காரர். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் (என்சிபிஎச்) கடையில் கொள்ளை மலிவாகக் கிடைத்த முன்னேற்றப் பதிப்பகப் புத்தகங்கள் இரண்டு தட்டு நிறைய இருந்தன.

மூன்று மாதம் ரஷ்யன் படித்தேன். அப்புறம் ஜெர்மனுக்குத் தாவி பி1 என்கிற நடுத்தர நிலைத் தேர்வை முடித்துவிட்டேன். ஆகவே நடுநிலைத் தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வேலை, விசா என்றால் ஜெர்மன்தான். அதை ஊரே சொல்லிவிட்டது. ரஷ்யனின் 33 எழுத்து பார்க்கத்தான் மிரட்டும், இரண்டு வாரத்தில் பழகிவிடும். ஆறு வேற்றுமையும் பயமில்லை, நாம் எட்டு ஒப்பித்தவர்கள். சொல்லப்போனால் ரஷ்யன் சில இடங்களில் நமக்குச் சொந்தக்காரன் மாதிரி. 'இது வீடு' என்பது 'எத்தா தோம்', அவ்வளவுதான். நடுவில் 'இஸ்' கிடையாது. 'என்கிட்ட இருக்கு' என்று நாம் சொல்கிற அதே போக்கில் 'உ மின்யா யெஸ்த்' என்கிறார்கள்.

ஜெர்மனில் பால் ஒரு தலைவலி. சொல்லுக்கு முன்னால் ஆண்பாலென்றால் 'தேர்', பெண்பாலென்றால் 'தீ', இரண்டும் இல்லையென்றால் 'தாஸ்' போடணும். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' கிட்டத்தட்ட அஃறிணை! ரஷ்யனில் சொல்லின் கடைசி எழுத்தைப் பார்த்தே பெரும்பாலும் பாலைச் சொல்லிவிடலாம்.

இவ்வளவு இருந்தும் ரஷ்யனை ஏன் விட்டேன்? பராமரிப்பு. தண்டையார்பேட்டையில் கடல் காற்றுக்கு எங்கள் ஜன்னல் கம்பி வருஷம் தவறாமல் பெயின்ட் கேட்கும். மொழியும் அப்படித்தான். வேலை நெருக்கடியில் ஆறு வாரம் வகுப்புக்குப் போகவில்லை. திரும்பி வந்து நோட்டைத் திறந்தால் என் கையெழுத்தையே என்னால் படிக்க முடியவில்லை. வகுப்பு நடக்கும் ரஷ்ய மாளிகை இருப்பது ஆழ்வார்பேட்டையில். எங்கள் பக்கம் ரஷ்யனில் ஒரு வணக்கம் சொல்லக்கூட எனக்கு ஆள் அகப்படவில்லை.

ஜெர்மனுக்கும் முறையான வகுப்பு என்றால் நுங்கம்பாக்கம் கோதே நிலையம் வரை போகணும்தான். ஆனால் மொழி என்னோடு வீட்டுக்கே வந்துவிடுகிறது. மாடி வீட்டுப் பெண் நர்ஸ், ஜெர்மனி போக அடுத்த படியான பி2-வுக்குத் தயாராகிறாள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே பரீட்சை ஆரம்பித்துவிடும். "அண்ணா, பக்கெட்டுக்கு தேரா, தாஸா?" "தேர்மா. தேர் அய்மர்." ஆண்பால் சொல்லை எல்லாம் நான் திருவொற்றியூர் தேரில் ஏற்றி வைத்திருக்கிறேன், பக்கெட்டும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. காலையில் மெட்ரோவில், ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் டாய்ச்ச வெல்லே மெதுவாக வாசித்துத் தரும் செய்தி காதில் ஓடும். பாதி புரியும். துரு ஏறாமலிருக்க அந்தப் பாதியே போதும்.

தேர்விலும் இதே சௌகரியம். கோதே பி1-இல் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நாலு பகுதி; ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. கேட்டலில் எனக்கு 53 வந்தது. அதை மட்டும் திரும்ப எழுதினேன், மற்ற மூன்றையும் தொடவில்லை.

ரஷ்ய வினைச்சொல் ஜோடி ஜோடியாக வரும்: செய்துகொண்டிருந்ததற்கு ஒன்று, செய்து முடித்ததற்கு ஒன்று. நான் நின்றது அந்த வாசலில், அதனால் உள்ளே எவ்வளவு கடினம் என்று நான் சொன்னால் எடுபடாது. கூடங்குளத்தில் ரஷ்யப் பொறியாளர்களோடு வேலை பார்ப்பவரைக் கேளுங்கள். அவருக்குத் தினமும் பேச ஆள் இருக்கிறது, என் கணக்கு அங்கே தலைகீழாகிவிடும்.

அப்பாவுக்குத்தான் மனத்தாங்கல். "ஏண்டா, நம்ம அலமாரியில இருக்கிறவன் பாஷை உனக்கு வேணாமா?"

"அவங்கதான் தமிழ்லயே போட்டு அனுப்பிட்டாங்களேப்பா" என்றேன். ரஷ்ய நோட்டை அவர் எடுத்து அதே தட்டில் வைத்துக்கொண்டார்.