ஜோர்ஜ்டவுனில் எங்கள் கடைவீட்டுப் பின்கட்டைப் பிரித்துக் கொடுத்த குழு: என் அனுபவம்

பினாங்கு கடைத்தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் தாத்தா வாங்கிப் போட்ட இரண்டு மாடிக் கடைவீடு ஒன்று இருக்கிறது. கீழே அப்பா மிளகாய், மல்லி அரைக்கும் மில் வைத்திருந்தார். அப்பா போனபின் அது என் பொறுப்புக்கு வந்தது. போன வருடம் அதன் பின்கட்டு எந்த நேரமும் விழலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதைப் பிரித்து இறக்கியே ஆகவேண்டும். ஆனால் யுனெஸ்கோ பாரம்பரியத் தளத்துக்குள் இருப்பதால் நினைத்தபடி கை வைக்க முடியாது. எட்டு மாதம் அலைந்தபின் ஒரு குழு கிடைத்தது. வேலையை முடித்துவிட்டார்கள். இதே கவலையோடு இந்த ஊரில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் இருப்பது எனக்குத் தெரியும், அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து வரும் சின்னக் குழு அது. ஒரு குத்தகையாளர், ஆட்களை மேய்க்கும் ஒரு மண்டோர், ஏழு ஆட்கள். கட்டுமானத் துறை வாரியமான சிஐடிபியில் பதிவு இருக்கிறது, ஆட்கள் எல்லோரிடமும் அதன் பச்சை அட்டை இருந்தது. அவர்களிடம் கேட்காமல் பேரையும் நம்பரையும் பொதுவில் போடுவது சரியாக இருக்காது. வேண்டுபவர்கள் என்னிடம் நேரில் கேளுங்கள்.

வீடு இந்தக் கதிக்கு வந்தது ஒரே நாளில் இல்லை. 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் மாடியில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. அவர்கள் கொடுத்த வாடகையில் ஓட்டுக்கூரையின் ஒரு மூலையைக்கூடப் பழுது பார்க்க முடியாது. அப்பா யாரையும் குறை சொன்னதில்லை, அவர்களும் கஷ்டப்பட்டவர்கள்தான். 1997-இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள், 2000 தொடக்கத்திலிருந்து வாடகை திறந்த சந்தைக்கு வந்தது. ஜோர்ஜ்டவுனின் பழைய குடும்பங்களில் பாதி அந்தச் சமயத்தில் ஊரைவிட்டே போன மாதிரி இருந்தது. எங்கள் மாடியும் காலியானது. பிறகு, சாப்பிடும் பறவைக்கூட்டுக்காகக் குருவி வளர்க்கும் வியாபாரி ஒருவர் மாடியை எடுத்தார். சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார், குருவிச் சத்தம் போடும் ஒலிபெருக்கி வைத்தார், ஈரப்பதம் வேண்டும் என்று உள்ளே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். பாரம்பரியப் பகுதியில் பறவைக்கூடு கூடாது, 2013 இறுதிக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தபின் அவரும் போனார். சுவர் குடித்த ஈரம் மட்டும் போகவில்லை. சில வருடத்தில் பின்சுவர் உச்சியில் ஓர் அரசங்கன்று முளைத்தது. அரசமரம் ஆச்சே, வெட்டவேண்டாம் என்று அம்மா சொன்னார். அதை விட்டதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு.

முதலில் பார்க்க வந்த குத்தகையாளர் வேறொருவர். வாசலில் நின்றபடியே சொன்னார்: "நோன்புப் பெருநாள் லீவில் எக்ஸ்கவேட்டரை உள்ளே விட்டா ரெண்டு நாள்ல எல்லாம் தரை. அப்புறம் அபராதம் வந்தா கட்டிக்கலாம்க்கா." முன்கட்டையும் சேர்த்துத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. 1993 கிறிஸ்துமஸ் விடுமுறையில் நார்தாம் சாலை மெட்ரோபோல் ஹோட்டலை இப்படித்தான் இடித்துத் தள்ளினார்கள். அன்று காலை அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்த அப்பா நாள் முழுக்கப் பேசவில்லை. கோலாலம்பூரில் 2006 டிசம்பரில் போக் ஹவுஸ் என்ற பழைய மாளிகை இடிபட்டுப் போனதும் நினைவில் இருக்கிறது. போனது போனதுதான், அபராதம் கட்டினால் சுவர் திரும்பி எழுந்து நிற்காது.

அந்த மாதிரி இடித்தால் உரிமையாளருக்கும் ஒரு லாபமும் இல்லை. பாரம்பரியத் தளத்தில் காலி மனையில் கட்டினாலும், பழைய கட்டடத்துக்குப் பதிலாகக் கட்டினாலும் 18 மீட்டருக்கு மேல் போக முடியாது. 2016 செப்டம்பரில் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டத்தில் அது தெளிவாக இருக்கிறது. இடித்துவிட்டு இருபது மாடி கட்டலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் வீடு மையப் பகுதிக்குள் வருகிறது. 109 ஹெக்டேர் சொச்சம் மையப் பகுதி, அதைச் சுற்றி 150 ஹெக்டேர் இடைப்பகுதி. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்துப் பட்டியலில் ஏறியது இந்தப் பரப்புதான். கட்டடங்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். கோயில், பள்ளிவாசல், பெரிய நினைவுச் சின்னங்கள் முதல் பிரிவு. எங்களுடையதைப் போன்ற கடைவீடுகள் இரண்டாம் பிரிவு. முகப்பு, அஞ்சடி என்கிற வாசல் நடைபாதை, கூரையின் வடிவம், நடுவில் இருக்கும் வானவெளி முற்றம், பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவர், இவையெல்லாம் நிற்கவேண்டும். எங்கள் பின்கட்டில் பாதி பிற்காலத்தில் சேர்த்தது. சிமெண்டுத் தூண், அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சமையற்கட்டு. பழைய படங்களை வைத்து அதைக் காட்ட முடிந்ததால் அந்தப் பகுதியைப் பற்றி அதிகம் பேச்சு இல்லை. மீதி இருந்த பழைய பின்சுவருக்குத்தான் பொறியியலாளர் அறிக்கை, அளவு வரைபடம், ஒவ்வொரு அறையின் படம் எல்லாம் கேட்டார்கள்.

இந்தக் குழுவை நான் மதிக்கத் தொடங்கியது இங்கேதான். குத்தகையாளர் முதல் நாளே விலை சொல்லவில்லை. "பொறியியலாளர் முதல்ல பார்க்கட்டும்க்கா, அவர் எதை நிறுத்தச் சொல்றாரோ அதுக்கப்புறம் நான் கணக்குப் போடறேன்" என்றார். பொறியியலாளர் வந்து விரிசல்களின் மேல் கண்ணாடிச் சீவல்களைக் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் காரையால் ஒட்டினார். தீப்பெட்டி அகலம் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் அதன் வேலை. மொத்தம் பதினொன்று ஒட்டினார். மூன்று வாரத்தில் பின்சுவரில் இருந்த நான்கும் உடைந்துவிட்டன. பொதுச் சுவரில் ஒட்டிய ஏழும் முழுசாக இருந்தன. எதைப் பிரிப்பது, எதை விடுவது என்று அந்தப் பதினொரு கண்ணாடித் துண்டுகளே சொல்லிவிட்டன. அதுவரை மொத்தத்தையும் இழந்துவிடுவோமோ என்று பயந்துகொண்டிருந்தவள் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அறிக்கை கையில் வந்தபின் விண்ணப்பம் நகர்ந்தது. ஆபத்தான கட்டடத்தை முட்டுக் கொடுக்கச் சொல்லவோ இறக்கச் சொல்லவோ சாலை, வடிகால், கட்டடங்களுக்கான 133-ஆம் சட்டப்படி மாநகர் கழகத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஆபத்து என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முழு வீட்டையும் தூக்கிவிட முடியாது, முடியவும் கூடாது. நாள் ஆனது உண்மைதான். அந்த நாட்களில் பின்சந்தில் தடுப்புப் பலகை போட்டு, பொதுச் சுவருக்குச் சாய்வு முட்டுகள் கொடுத்து வைத்தார்கள். அனுமதி வரும்வரை சும்மா இருந்துவிடாமல் இதைச் செய்ததற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தச் சந்து வழியாகத்தான் பிள்ளைகள் டியூஷனுக்குப் போகிறார்கள்.

வேலை தொடங்கும் முன் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் போய் அவர்கள் சுவரில் ஏற்கெனவே இருந்த ஒவ்வொரு விரிசலையும் படம் எடுத்தார்கள். இடப்பக்கம் அச்சகம் வைத்திருக்கும் பாய் முதலில் சந்தேகப்பட்டார். "பாய், இது உங்களுக்கும்தான் பாதுகாப்பு. நாளைக்குப் புது விரிசல் வந்தா இந்தப் படத்தை வெச்சு எங்ககிட்ட கேளுங்க" என்று மண்டோர் சொன்னதும் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

பிரிப்பு முழுக்கக் கைவேலை. மேலிருந்து கீழாக, ஓடு, அதைத் தாங்கும் பட்டியல் கட்டை, சரம், உத்தரம், பலகை, கடைசியில் செங்கல். எக்ஸ்கவேட்டர் உள்ளே வரவே இல்லை. இரண்டு வீடுகளுக்கும் ஒரே சுவர், அதில் ஓர் அதிர்ச்சி விழுந்தால் பாயின் கூரையும் சேர்ந்து ஆடும். அஸ்பெஸ்டாஸ் தகடுகளைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியை ஒவ்வொன்றாக எடுத்து, உடைக்காமல் முழுசாக இறக்கி, கெட்டியான பிளாஸ்டிக்கில் சுற்றினார்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன். அதைச் சுத்தியலால் தட்டி உடைப்பவர்களை இந்த ஊரில் நானே பார்த்திருக்கிறேன், தயவுசெய்து உங்கள் வீட்டில் அனுமதிக்காதீர்கள்.

உத்தரங்களை மண்டோர் சோதித்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சின்னச் சுத்தியலால் சுவருக்குள் போகும் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு ஒரு தட்டு. நடுவில் 'டங்' என்று வந்தது. முனைக்குப் போகப் போக 'தொப்' என்று மாறியது. "முனை மட்டும்தான் போச்சும்மா, நடு மரம் செங்கால், இன்னும் நூறு வருஷம் நிக்கும்" என்றார். செங்கால் இந்த நாட்டின் கெட்டியான காட்டு மரம். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அன்றிலிருந்து அம்மா என்று கூப்பிட்டார். அப்படித் தட்டித் தட்டி ஆறு உத்தரங்களைக் காப்பாற்றினார். எல்லாவற்றிலும் சுண்ணக்கட்டியால் எண் போட்டு முன்கட்டில் அடுக்கினார்கள். வேறொருவர் என்றால் ரோரோ என்ற பெரிய குப்பைத் தொட்டியில் போட்டுக் குப்பையோடு அனுப்பியிருப்பார், அல்லது லோரியில் ஏற்றி விற்றிருப்பார்.

அரசமரத்துக்கு மட்டும் நான்கு நாள். வேரைப் பிடித்து இழுத்தால் சுவரும் சேர்ந்து வந்துவிடும். பல வருடமாக உடைந்த சுவரைக் கட்டிப் பிடித்திருந்ததும் அந்த வேர்தான். அதனால் முதலில் கிளைகளை வெட்டி, பிறகு ஒரு வரிசை செங்கல், அதில் தெரியும் வேர், அடுத்த வரிசை செங்கல் என்று இறங்கினார்கள். தொடங்கும் முன் அம்மா ஒரு சூடம் ஏற்றினார். ஆட்கள் எல்லோரும், வங்காளதேசத்துப் பையன்கள் உட்பட, வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பிரித்த பின்னும் வேலை இருந்தது. பொதுச் சுவரில் உத்தரங்கள் நுழைந்திருந்த குழிகளைப் பழைய செங்கல் வைத்து அடைத்து, சுண்ணாம்புக் காரை பூசினார்கள். சிமெண்டு வேண்டாம் என்று பொறியியலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்தப் பழைய செங்கல் மெத்தென்று இருக்கும், ஈரத்தை இழுத்து வெளியே விடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொடிப்பொடியாக உதிரும். எங்கள் முன்கட்டில் எண்பதுகளில் பூசிய சிமெண்டுக்குப் பின்னால் அதுதான் நடந்திருக்கிறது, விரலால் தொட்டாலே மாவாகக் கொட்டுகிறது.

குறைகளும் இருக்கின்றன. ஓடுகளில் ஐந்தில் ஒன்றாவது உடைந்தது. பழைய ஓடு, கொஞ்சம் உடையத்தான் செய்யும், ஆனாலும் கூடையில் இறக்கியிருந்தால் குறைந்திருக்கும். கை மாற்றிக் கை வீசி இறக்கினார்கள். நான் சொன்னபின் மாற்றிக்கொண்டார்கள். இன்னொன்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பொதுச் சுவரின் உச்சியைத் தகரம் போட்டு மூடுவதாகச் சொன்ன நாளில் மூடவில்லை. அன்று ராத்திரியே பெரிய மழை. பாயின் அச்சகத்தில் இரண்டு கட்டுக் காகிதம் நனைந்தது. மறுநாள் காலையில் குத்தகையாளரே போய் மன்னிப்புக் கேட்டு, காகிதத்துக்குப் பணமும் கொடுத்தார். அது நல்ல குணம். ஆனால் நவம்பர் மாதம் பினாங்கில் மழை வரும் என்று தெரியாதவரா அவர்? ஒப்பந்தத்தில் "திறந்த சுவர் அன்றன்றைக்கே மூடப்படும்" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை.

ரோரோ தொட்டிக்குத் தனிக் கணக்கு. முதலில் நான்கு என்றார், ஏழு ஆனது. பிரிப்பு வேலை, முட்டு, தொட்டி, சுவர் அடைப்பு எல்லாம் சேர்த்து 46,000 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. பொறியியலாளருக்கும் வரைபடத்துக்கும் கொடுத்தது வேறு. எக்ஸ்கவேட்டர்காரர் முழு வீட்டுக்கும் சேர்த்து அதில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்டிருந்தார். விலையை மட்டும் பார்த்தால் இவர்கள் அதிகம். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தேன், கடைசிப் பத்து சதவீதத்தைச் சுவர் பூச்சு காய்ந்து பொறியியலாளர் பார்த்துச் சொன்னபின். அதற்கு அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மொத்தம் இருபத்து மூன்று வேலை நாள். தூசு பறக்காமல் தண்ணீர் அடித்தார்கள், வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் சத்தம் வரும் வேலை வைக்கவில்லை, மாரியம்மன் கோயில் தேர் அன்று தாங்களாகவே லீவு விட்டார்கள்.

முன்கட்டுக் கூரையை மாற்றுவது அடுத்த வேலை. அதற்கு ஓடு மேயத் தெரிந்தவர் வேண்டும், இவர்கள் அது தங்கள் வேலை இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். தைப்பிங்கில் ஒரு பெரியவர் இருப்பதாக மண்டோர் சொல்லி அனுப்பினார். எண் போட்ட ஆறு உத்தரங்களும் உடையாத ஓடுகளும் மில் இருந்த இடத்தில் அடுக்கியபடி இருக்கின்றன. பொதுச் சுவரில் ஒட்டிய ஏழு கண்ணாடியும் நேற்றுவரை உடையவில்லை.