கொழுந்துக் கணக்குச் செயலிக்கு ஏற்றது எது: பிளட்டரா, வலைச் செயலியா?

இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மூவருடன் சேர்ந்து, ஊர் மட்டத்தில் நடக்கும் கைபேசிச் செயலிப் போட்டியில் இரண்டு முறை கலந்துகொண்டேன். இரண்டு முறையும் ஒரே செயலியைத்தான் செய்தோம். கொழுந்து பறிப்பவர் ஒவ்வொரு நிறுவையின் கிலோவையும் தாமே குறித்து வைத்து, மாதச் சம்பளத் துண்டு கைக்கு வரும்போது ஒத்துப் பார்ப்பதற்கான கணக்கேடு அது. முதல் முறை, செயலி கட்டுவதற்கான கூகுளின் கருவியான பிளட்டரில் எழுதினோம். இரண்டாம் முறை, உலாவியில் திறந்து முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்ளும் வலைச் செயலியாக எழுதினோம். இனிப் போட்டிக்குப் போகிறவர்கள் எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால், வலைச் செயலி என்றுதான் சொல்வேன்.

பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் எழுத்து சிதையாமல் தெரியும், இரண்டையும் சிக்னல் இல்லாமல் இயங்கச் செய்யலாம். 2018 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு வெளிவந்த பிளட்டரில் திரை வழுக்கிக்கொண்டு ஓடும். நடுவர்கள் கையில் எடுத்ததும் அது அவர்களைக் கவரும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் பிளட்டரில் எழுதியதை அன்ட்ரொய்ட் செயலியாகக் கட்ட நாங்கள் எடுத்த அன்ட்ரொய்ட் ஸ்டூடியோ என்ற மென்பொருளுக்குக் குறைந்தது 8 ஜிகாபைட் நினைவகம் வேண்டும், எங்கள் வாசிகசாலைக் கணினியில் இருந்ததோ 4. வலைச் செயலிக்குச் சாதாரண எழுத்துத் தொகுப்பானும் உலாவியும் போதும். கட்டங்களை இழுத்து ஒட்டிச் செய்யும் எம்.ஐ.டி. ஆப் இன்வெண்டர் முதன்முறை முயலும் மாணவர்களுக்கு ஏற்றது. அதை நான் ஒரு நாள் பயிற்சியில் மட்டுமே பயன்படுத்தியிருப்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கு தராசில் தொங்கும் நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. போனை மழைக்காகப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார்கள், விரல்களில் கொழுந்துக் கறையும் ஈரமும் இருக்கும், திரை தொடுதலை ஏற்காது. அதனால் எண் பொத்தான்களைக் கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிதாக்கினோம். அதை இரண்டிலும் செய்ய முடிந்தது, வேறுபாடு அளவில்தான் வந்தது. பிளட்டரில் வெறும் தொடக்கத் திரை மட்டும் உள்ள செயலியே 4 மெகாபைட்டைத் தாண்டும், எங்களுடையது 18க்கு வந்து நின்றது. வலைச் செயலி 300 கிலோபைட்டுக்குள் அடங்கியது. டவுனுக்கு வரும் நாளில் ஒரு முறை திறந்தால், சேர்விஸ் வேர்க்கர் எனப்படும் பின்னணி நிரல் எல்லாக் கோப்புகளையும் போனிலேயே வைத்துக்கொள்ளும். அதன்பின் மலையின் மறுபக்கத்தில் சிக்னல் கம்பி ஒன்றுகூட இல்லாத இடத்திலும் அது திறக்கும்.

ஆனால் என்னை மாற்றியது இவை எதுவுமல்ல, போட்டி முடிந்த பிறகு செயலியைப் பராமரிப்பது யார் என்ற கேள்விதான். முதல் செயலியை, அன்ட்ரொய்ட் போனில் நேரடியாக நிறுவக்கூடிய ஏ.பி.கே. கோப்பாக வட்ஸ்அப்பில் பகிர்ந்தோம். செயலி எங்களுடையதுதான் என்று போனுக்குக் காட்ட அதற்கு டிஜிட்டல் கையொப்பமிட்ட சாவிக் கோப்பு, நிரல் எழுதிய தம்பியின் மடிக்கணினியில் மட்டும் இருந்தது. பரிசளிப்பு முடிந்து இரண்டு மாதத்தில் அவர் கொழும்புக்கு வேலைக்குப் போனார், கொஞ்ச நாளில் அந்தக் கணினியின் வன்தட்டு பழுதாகிவிட்டது. நிரலின் பிரதி எங்களிடம் இருந்தது, சாவியின் பிரதி இல்லை. வேறு சாவியால் கையொப்பமிட்ட பதிப்பைப் பழைய செயலியின் மேல் நிறுவ அன்ட்ரொய்ட் அனுமதிக்காது, பழையதை நீக்கினால் அதற்குள் இருக்கும் கணக்கும் சேர்ந்து அழியும். ஒரு சிறு கூட்டல் பிழையைத் திருத்துவதற்காக, நான்கு மாதக் கிலோக்களைக் குறித்து வைத்திருந்த அக்காமாரிடம் எல்லாவற்றையும் தாளில் எழுதிவைத்துவிட்டு அழிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. "பழைய சிட்டைக் கொப்பியே நல்லது, தம்பி" என்று ஒருவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிளே ஸ்டோரில் போட்டிருந்தால் சாவிச் சிக்கலைத் தவிர்த்திருக்கலாம், ஆனால் அங்கே வேறு பராமரிப்பு உண்டு. கணக்குத் திறக்க ஒரு முறைக் கட்டணம் 25 டொலர். 2023 நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் திறக்கப்பட்ட தனிநபர் கணக்கென்றால், வெளியிட முன்பு சோதனையாளர்கள் 12 பேராவது தொடர்ந்து 14 நாட்கள் சேர்ந்திருக்க வேண்டும் (முதலில் இது 20 பேராக இருந்தது). போட்டியின் கடைசித் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது இந்த இரண்டு வாரத்தை மறந்துவிடாதீர்கள். அதோடு முடிவதுமில்லை: செயலி இலக்கு வைக்கவேண்டிய அன்ட்ரொய்ட் பதிப்பை ஆண்டுதோறும் உயர்த்துகிறார்கள், பின்தங்கிய செயலி காலப்போக்கில் புதிய போன்களில் புதியவர்களுக்குக் கிடைக்காமற் போகும். ஆகவே ஒருவரும் ஒரு வரிகூட மாற்ற விரும்பாத செயலியைக்கூட யாராவது எடுத்து மீண்டும் கட்டியெழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உயர்தரப் பரீட்சைக்கும் வேலைக்கும் பிள்ளைகள் பிரிந்துபோகும் எங்கள் ஊரில் அந்த "யாராவது" கிடைப்பது எளிதல்ல. வலைச் செயலியில் திருத்திய கோப்பை, எங்கள் நிரலை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றினால், போன் அடுத்த முறை சிக்னலுக்குள் வந்து செயலியைத் திறக்கும்போது புதியது தானாக இறங்கும்.

வலைச் செயலியிலும் குறை உண்டு. நடுவர்கள் பார்க்கும் நாளில் எங்கள் செயலி முந்தைய வாரத்துத் திரையையே காட்டியது, ஏனெனில் கோப்புகளை மாற்றிய நாங்கள் போனில் கோப்புகள் தங்கும் தேக்ககத்தின் பெயரில் இருந்த பதிப்பு எண்ணை மாற்றவில்லை. உலாவியின் தரவுகளை யாராவது துப்புரவாக்கினால் கணக்கும் போய்விடும். ஐபோனில், 2020 முதல், ஒரு தளத்தைத் தொடாமல் அதன் உலாவியான சபாரியை 7 நாட்கள் பயன்படுத்தினால், அந்தத் தளம் போனில் சேமித்ததைச் சபாரி அழித்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்தால் அந்த விதி பொருந்தாது என்றாலும், நாங்கள் ஒரேயொரு ஐபோனில் சில நாட்களே சோதித்ததால் அதை உறுதியாகப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். இவற்றுக்காகவே மாதக் கணக்கை எழுத்தாக வட்ஸ்அப்புக்கு அனுப்பும் பொத்தான் ஒன்றைச் சேர்த்தோம். எந்தச் செயலியைச் செய்தாலும் அப்படியொரு பொத்தானை வையுங்கள்.

திரை அணைந்திருக்கும்போதும் இடத்தைக் கவனிப்பது போன்ற வேலை உங்கள் செயலிக்கு உண்டென்றால் பிளட்டரையே எடுங்கள், உலாவி அதற்கு இடம் கொடுக்காது. சில போட்டிகள் ஏ.பி.கே. கோப்பை மட்டுமே ஏற்கும் என்பதால் விதிகளை முதல் நாளே வாசித்துவிடுங்கள். வலைச் செயலியையும் ஏ.பி.கே.யாகப் பொதிந்து கொடுக்கலாம், ஆனால் அப்போது சாவிக் கோப்பு மறுபடியும் உங்கள் தலையில் விழும். அதை இரண்டு பேரிடமாவது பிரதி எடுத்து வையுங்கள்.

முதல் முறை எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது, வலைச் செயலிக்கு ஆறுதல் பரிசுதான். ஆனால் அந்தச் செயலியில் ஈரக் கொழுந்துக்குக் கழிக்கும் கிலோவை எழுதத் தனிக் கட்டம் வேண்டுமென்று மடுவத்தில் கேட்டபோது, இப்போது பதினோராம் வகுப்பில் படிக்கும் தங்கச்சி அதைத் தன் போனிலிருந்தே கிட்ஹப்பில் திருத்தினாள். பதிப்பு எண்ணையும் மறக்காமல் மாற்றியிருந்தாள்.