அரிசி ஆலைக்கும் கிணற்று மோட்டருக்கும் எந்த லொகர்?

காலபோக நெல் வந்து குவியும் மாசி, பங்குனியில் கிளிநொச்சி, பரந்தன் பக்கத்து ஆலைகளில் கேட்கும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். பின்னேரமானால் மோட்டர் சூடேறுகிறது, ஓவர்லோட் விழுகிறது, வோல்ற்றேஜ் காணாது. வயர்மன் காலை பத்து மணிக்கு மீற்றரோடு வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆள் நிற்காத நேரத்திலும் அளந்து, நேரத்தோடு பதிந்து வைக்கும் ஒரு கருவி இல்லாமல் இந்தப் பிரச்சினை பிடிபடாது. அதுதான் டேற்றா லொகர். எதை வாங்குவது, எதை இரவல் எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

கையில் கிடைக்கக்கூடியவை மூன்று வகை. ஒரு வயரைக் கவ்வி கரண்டை மட்டும் பதியும் பற்றறி லொகர் ஒன்று. மூன்று பேஸின் வோல்ற்றேஜையும் கரண்டையும் சேர்த்துப் பதிந்து, பவர் பக்டர் (எடுக்கும் பவரில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதம்), கேவிஏ (வோல்ற்றும் அம்பியரும் சேர்ந்த மொத்தப் பவர்) எல்லாம் கணக்கிட்டுத் தரும் பவர் லொகர் அடுத்தது. மூன்றாவது, போர்ட்டுக்குள் நிரந்தரமாகப் பூட்டி போனில் பார்க்கும் வைஃபை மீற்றர்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் தனியாகச் சுற்றி வேலை செய்யும் ஒரு வயர்மன் சொந்தமாக வாங்க வேண்டியது முதலாவது வகை. பவர் லொகரை நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கலாம், அல்லது தேவைப்படும்போது வாடகைக்கு எடுக்கலாம். விலை இதற்குச் சின்னக் காரணம்தான். பெரிய காரணம், கருவியை மாட்டும் அந்த ஐந்து நிமிடம்.

கவ்வும் லொகரை மாட்டும்போது வெறும் செம்பில் எதுவும் தொடுவதில்லை. இன்சுலேஷன் உள்ள ஒரு பேஸ் வயரைச் சுற்றிக் கவ்விவிட்டு மூடியைப் பூட்டினால் வேலை முடிந்தது. பவர் லொகரில் அப்படியில்லை. வோல்ற்றேஜ் எடுக்க மூன்று பேஸிலும் நியூட்ரலிலும் கிளிப் மாட்ட வேண்டும். மெயின் சுவிச்சுக்குக் கிட்ட ஒரு கிளிப் வழுக்கி இரண்டு பேஸுக்கு நடுவே விழுந்தால் வரும் தீப்பொறி கையையும் முகத்தையும் எரித்துவிடும். ஆகவே பவர் லொகரை எப்போதும் மெயினை நிறுத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஆலைக்காரர் பத்து நிமிடம் நிறுத்தச் சம்மதிக்காவிட்டால், அவர் சம்மதிக்கும் நாளில் போங்கள்.

நிறுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. டெஸ்டரை முதலில் கரண்ட் இருப்பது தெரிந்த இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு மாட்டப் போகும் இடத்தில் பாருங்கள். பிறகு மறுபடி தெரிந்த இடத்தில் பாருங்கள். நடுவில் டெஸ்டர் பழுதாகியிருந்தால் இந்த மூன்றாவது தடவையில்தான் தெரியவரும். கரண்ட் போனால் தானாக ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிச் இருக்கிற ஆலைகளில் இன்னும் கவனம் வேண்டும். மெயினை நிறுத்தியதும் ஜெனரேட்டர் எழும்பி மற்றப் பக்கத்தால் கரண்டைக் கொடுக்கும். கூரையில் சோலார் இருந்தால் அதன் பிரேக்கரையும் நிறுத்த வேண்டும்.

கருவி தாங்குமா என்பது அடுத்தது. மீற்றரின் முகப்பில், அல்லது வயர் செருகும் துளைக்குப் பக்கத்தில், சி.ஏ.டி. (CAT) என்ற மூன்று எழுத்தும் ஒரு ரோம எண்ணும் வோல்ற் அளவும் அச்சிட்டிருக்கும். ஐஈசி (IEC) 61010 என்ற சர்வதேசத் தரத்தின்படி வரும் பிரிவு இது; இனி வகை 2, 3, 4 என்பது இந்த எண்ணைத்தான், லொகரின் இனத்தை அல்ல. சொக்கற்றில் செருகும் சாமான்களுக்கு வகை 2. டிஸ்ரிபியூஷன் போர்ட்டுக்கும் நிரந்தரமாகப் பூட்டிய மோட்டர்களுக்கும் வகை 3. வெளியிலிருந்து லைன் வந்து சேரும் இடத்துக்கும் மீற்றர் பக்கத்துக்கும் வகை 4. வோல்ற்றேஜ் ஒன்றாகத் தெரிந்தாலும், லைனில் ஓடிவரும் திடீர் உந்தலை எவ்வளவு தாங்கும் என்பது வேறுபடும். வகை 3, 600 வோல்ற் என்றால் 6000 வோல்ற் உந்தலைத் தாங்கச் சோதித்தது. வகை 4, 600 வோல்ற் என்றால் 8000. ஐப்பசியில் இடி மின்னலோடு மழை தொடங்கும் நம் பக்கத்தில், நீண்ட ஓவர்ஹெட் லைனின் கடைசியில் நிற்கும் ஆலைகளில், இந்த எண் வெறும் அச்சு இல்லை. ஆலைக்கு வகை 3, 600 வோல்ற்றுக்குக் குறைந்த எதையும் கொண்டுபோக வேண்டாம்; லைன் வந்து சேரும் இடத்தில் மாட்டுவதானால், மேலே சொன்னபடி வகை 4 வேண்டும். லீட் வயரிலும் கிளிப்பிலும் அதே அளவு அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நல்ல லொகரில் மலிவான லீட் போட்டால் முழுக் கருவியும் அந்த மலிவான லீட்டின் தரத்துக்கு இறங்கிவிடும். மின்சார சபை சீல் வைத்த பகுதிக்குள் எந்த லொகரையும் மாட்டக் கூடாது.

கவ்வியிலும் இரண்டு இனம் உண்டு. கெட்டியான இரும்புத் தாடைக் கவ்வி ஒன்று, பாம்புபோல வளையும் கம்பிச் சுருளான கோயில் (coil) மற்றது. வளையும் கோயில் நெருக்கமான போர்ட்டுக்குள் நுழையும், தடித்த மெயின் கேபிளைச் சுற்றும், பெரிய கரண்டில் திக்குமுக்காடாது. ஆனால் சின்னக் கரண்டில் அதை நம்ப முடியாது. 3000 அம்பியருக்குச் செய்த கோயிலைக் கிணற்று மோட்டரின் ஐந்தாறு அம்பியரில் மாட்டினால் வருவது பெரும்பாலும் இரைச்சல்தான். விசுவமடுத் தோட்டக் கிணறுகளுக்குத் தாடைக் கவ்வி, பரந்தன் ஆலையின் மெயினுக்கு வளையும் கோயில் என்று பிரித்துக்கொண்டால் தவறாது. இரண்டிலும் ஒரு வயரை மட்டும் கவ்வ வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் பூச்சியம்தான் காட்டும். பவர் லொகரில் அம்புக்குறியின் திசையும், எந்தக் கவ்வி எந்தப் பேஸுக்கு என்பதும் மாறினால் பவர் பக்டர் முழுப் பொய்யாகிவிடும்.

சோலார் பம்பின் பனல் பக்கத்துக்கு இந்தக் கவ்விகள் எதுவும் உதவாது. பனலிலிருந்து வருவது டிசி. சாதாரண ஏசிக் கவ்வியும் வளையும் கோயிலும் டிசியைக் காணாது. டிசியையும் உணரும் ஹோல் (Hall) வகைக் கவ்விதான் வேண்டும்.

பதியும் இடைவெளியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 15 கிலோவாட் மோட்டர் முழு லோடில் ஏறக்குறைய 28 அம்பியர் எடுக்கும். நேரடியாகத் தொடக்கினால் முதல் மூன்று நொடிக்கு அதன் ஆறு மடங்கு, 168 அம்பியர் போகலாம். ஒரு நிமிடச் சராசரி பதியும் லொகர் அந்த நிமிடத்துக்கு 35 அம்பியர் என்றுதான் எழுதும். அதைப் பார்த்துவிட்டு மோட்டரில் குறை இல்லை என்று சொன்னால் பிழையாகிவிடும். சரி, ஒரு நொடிக்கு ஒரு தடவை வைக்கலாமே என்றால், 32,000 பதிவு கொள்ளும் லொகர் ஒன்பது மணித்தியாலத்துக்குள் நிரம்பிவிடும். ஒரு நிமிடம் என்றால் 22 நாள் ஓடும். ஆகவே சராசரியோடு, அந்த இடைவெளிக்குள் வந்த ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் சேர்த்துப் பதியும் கருவியைத் தேடி வாங்குங்கள். மற்ற வசதிகள் எதையும் விட இதற்குப் பணம் கொடுக்கலாம்.

வோல்ற்றேஜ்தான் சந்தேகம் என்றால் பவர் லொகருக்கு ஓட வேண்டியதில்லை. மேலே சொன்ன மூன்றிலும் சேராத, சொக்கற்றில் செருகும் வோல்ற்றேஜ் லொகர் ஒன்று போதும். போர்ட்டுக்குக் கிட்ட இருக்கும், வேறு லோட் இல்லாத சொக்கற்றில் செருகிவிடுங்கள். இலங்கையில் 230 வோல்ற்றுக்கு ஆறு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 216 முதல் 244 வரை. பின்னேரம் 216க்குக் கீழே போவதை நேரத்தோடு காட்டும் ஒரு வாரப் பதிவோடு மின்சார சபை அலுவலகத்துக்குப் போவது வேறு, வாயால் சொல்வது வேறு. பவர் லொகர் உண்மையில் தேவைப்படுவது 42 கேவிஏக்கு மேல் இணைப்பு எடுத்த ஆலைகளுக்கு. அவர்களுக்கு உச்சக் கேவிஏக்கும் கட்டணம் உண்டு. பவர் பக்டரை உயர்த்திக் கேவிஏயைக் குறைக்கும் கப்பாசிற்றர் போடுவதா, எவ்வளவு போடுவது என்று முடிவெடுக்க பவர் பக்டர் தெரிய வேண்டும்.

வைஃபை மீற்றர் விலை குறைவு. தொடர்ந்து அதே இடத்தைக் கவனிக்க நல்லது. ஆனால் கரண்ட் போனால் ரவுட்டரும் படுத்துவிடும், அதோடு பதிவும் நிற்கும். நாம் தேடுவதே அந்த நேரத்தை. சில மீற்றர்களுக்கு 5 அம்பியர் சிற்றி (CT, பெரிய கரண்டை மீற்றருக்கு ஏற்ற சின்னக் கரண்டாக மாற்றும் வளையம்) வரும். வயரில் கரண்ட் ஓடும்போது அந்தச் சிற்றியின் வயரைக் கழற்றிவிட்டால் அதன் முனையில் ஆபத்தான வோல்ற்றேஜ் எழும்பும். அதன் இரு முனையையும் சேர்த்துச் சோர்ட் பண்ணாமல் அதைத் தொடக் கூடாது.

பராமரிப்பில் பற்றறிதான் முதல் வித்தியாசம். கவ்வும் லொகர் சாதாரண பற்றறியில் வாரக்கணக்கில் ஓடும். வேலை முடிந்து அலுமாரியில் வைக்கும்போது பற்றறியைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகி உள்ளே அரித்துவிடும். பவர் லொகரின் உட்பற்றறி சில மணித்தியாலம்தான் தாங்கும். ஒரு வாரம் பதிய அதற்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டும். உட்பற்றறி செத்துப்போன லொகர் மின்வெட்டோடு தானும் நின்றுவிடும். தகரக் கூரைக்குக் கீழே, வெயில் படும் போர்ட்டுக்குள் அதை அடைத்து வைத்தால் அந்தப் பற்றறி சீக்கிரம் போகும். போர்ட்டுக்கு வெளியே காற்றுப்படும் இடத்தில் ஒரு பெட்டியில் வைத்து, பெட்டியில் பெயரையும் மாட்டிய திகதியையும் எழுதி ஒட்டுங்கள்.

உமித் தூசி தாடைக் கவ்விக்கு எதிரி. இரு தாடையும் முட்டும் முகத்தில் தூசி படிந்தால் சின்ன இடைவெளி விழும், அளவு குறைத்துக் காட்டும். ஒவ்வொரு தடவையும் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள், பெற்றோல், தின்னர் வேண்டாம். வளையும் கோயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கூர்மையாக மடிக்கக் கூடாது, வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. சில கோயில்களில் மேலுறை தேய்ந்தால் உள்ளே வேறு நிறம் தெரியும்படி செய்திருப்பார்கள். அந்த நிறம் தெரிந்தால் அது இனிப் பாவனைக்கு இல்லை. உள்ளே பியூஸ் போனால் அதே அளவு, அதே உடைக்கும் திறன் (சோர்ட்டில் வரும் பெரிய கரண்டை வெடிக்காமல் நிறுத்தும் திறன்) உள்ள பியூஸையே போட வேண்டும். கடையில் கிடைக்கும் கண்ணாடிப் பியூஸ் பெரிய சோர்ட்டில் வெடித்துவிடும்.

கார்த்திகை, மார்கழி மழையில் பையோடு சிலிக்கா ஜெல் வையுங்கள். அளவுத் திருத்தத்துக்கு ஆண்டுக்கு ஒரு தடவை அனுப்புவது நல்லது. இடையில், நம்பிக்கையான ஒரு கிளாம்ப் மீற்றரையும் லொகரையும் ஒரே வயரில் மாட்டி இரண்டு எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் விலகல் தொடங்கும்போதே தெரியும். மணிக்கூட்டையும் அப்போதே சரிபாருங்கள். நேரம் பிழைத்த பதிவை வைத்துக்கொண்டு பின்னேரம் 6.30க்கும் இரவு 10.30க்கும் இடைப்பட்ட உச்ச நேரக் கட்டணத்தைப் பற்றி ஆலைக்காரரோடு எதையும் கதைக்க முடியாது.