ரெண்டு பக்கமும் பிளக் வச்ச கேபிள் குடுத்து ஜென்செட் விக்கிறான், உஷார்

பேராக் சுங்கை சிப்புட் டவுன், சுத்தி இருக்கிற தோட்டம், தாமான் (குடியிருப்பு) பக்கம் உள்ளவங்க எல்லாரும் கொஞ்சம் படிங்க, நீளமா தான் இருக்கும். வீட்டுக்கே வந்து ஜென்செட் (கரண்டு போனா ஓட்டுற பெட்ரோல் ஜெனரேட்டர்) வித்து, ஒயரிங் போட்டு, கூடவே ஒரு வருஷ சர்விஸ் பேக்கேஜும் எழுதுற ஆளு ஒருத்தன் நம்ம ஏரியாவுல சுத்திக்கிட்டு இருக்கான். பேரு போட மாட்டேன், கேஸ் நடக்குது. ஆனா அவன் செய்யுற வேலை எப்படி இருக்கும்னு சொல்லிடுறேன், பாத்த உடனே உங்களுக்கே தெரிஞ்சிரும்.

எங்க அப்பாவுக்கு நுரையீரல் சரியில்ல, ராத்திரி பூரா ஆக்சிஜன் மெசின் ஓடணும். அது 350 வாட் தான் இழுக்கும், பெருசா ஒன்னும் இல்ல, ஆனா நம்ம ஊரு கதை தெரியும்ல, சாயங்காலம் இடியோட மழை புடிச்சா எங்கயாச்சும் மரம் சாஞ்சு லைன் போயிடும், எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. அதனால தான் ஜென்செட். "6.5 கேவிஏ, புல் காப்பர், வீடு பூரா ஓடும்கா, ஏர்கோனும் போடலாம்"னான். ஜென்செட் 3,200 வெள்ளி (ரிங்கிட்), சர்விஸ் பேக்கேஜ் 600 வெள்ளி. ரசீது குடுக்க மூஞ்ச சுளிச்சான், அம்மா விடல, எழுதி வாங்கிட்டாங்க.

போன மாசம் பெரிய மழை, கரண்டு போச்சு. தம்பி போய் கயிறு இழுத்தான், இழுத்தான், ஸ்டார்ட் ஆகுறதும் மூச்சு வாங்கி நிக்கிறதுமா இருந்துச்சு, ஒருவழியா புடிச்சு ஓட ஆரம்பிச்சா லைட்டு எல்லாம் ஏறி எறங்குது, பிரிட்ஜ் கம்ப்ரசர் எடுக்கும்போதெல்லாம் அப்பாவோட மெசின் கத்துது, அப்புறம் இன்ஜினுக்குள்ள ஒரு தட்டுற சத்தம், அவ்வளவுதான், நின்னுருச்சு. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்னு எப்பவும் வீட்ல வச்சிருப்போம், அதுல விடிய விடிய ஓட்டினோம். அந்த ஆளுக்கு போன் போட்டா எடுக்கல, மெசேஜுக்கு புளூ டிக் மட்டும்.

மறுநாள் ஈப்போல இருந்து ஒரு ஒயர்மேன் மாமாவ கூப்பிட்டோம், சுருஹான்ஜாயா தெனாகா (அரசாங்க எரிசக்தி ஆணையம்) சர்டிபிகேட் உள்ளவரு, வந்த உடனே அவரே காட்டினாரு. மனுஷன் ஜென்செட்ட கூட முதல்ல பாக்கல, சுவத்துல மாட்டி இருந்த கேபிளத்தான் பாத்தாரு. ஒரு முனைய ஜென்செட்ல குத்தி, இன்னொரு முனைய கிச்சன் சாக்கெட்ல குத்துற மாதிரி ரெண்டு பக்கமும் ஆண் பிளக். "இத யாரும்மா குடுத்தா?"ன்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

ஏன்னு கேளுங்க. ஜென்செட் ஓடும்போது ஒரு முனை கழண்டா பிளக்கோட பின்னு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அதுல லைவ் பின்னுல 230 வோல்ட் இருக்கும், சின்னப் புள்ள கை வச்சா முடிஞ்சுது. அதவிட மோசம், மெயின் சுவிட்ச் ஆப் பண்ண மறந்துட்டா நம்ம கரண்டு மீட்டர் வழியா திரும்பி டிஎன்பி (கரண்டு கம்பெனி) லைனுக்கே போகும், ட்ரான்ஸ்பார்மர் அத 11,000 வோல்ட்டு வரைக்கும் ஏத்திவிடும், லைன் செத்துருச்சுன்னு நம்பி மழையில மேல ஏறி வேலை செய்யுற பையன் உயிரு போகும். நடுவுல டிஎன்பி கரண்டு திரும்பி வந்தா ஜென்செட்டும் கருகிடும். முறையா செய்யணும்னா டிபி பாக்ஸ் (வீட்டு மெயின் சுவிட்ச், பிரேக்கர் எல்லாம் உள்ள பெட்டி) பக்கத்துல சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடணும், டிஎன்பி பக்கம் முழுசா விட்டா தான் ஜென்செட் பக்கம் சேரும், ரெண்டும் ஒரே நேரத்துல சேர வழியே கிடையாது. இன்னொன்னு, 13 ஆம்ப் பிளக்குல மிஞ்சிப்போனா 3,000 வாட் தான் போகும், இதுல வீடு பூரா ஓடுமாம், ஏர்கோன் போடலாமாம்.

அப்புறம் தான் மெசின். இன்ஜின் சைடுல 170எஃப்னு இன்ஜின் மாடல் நம்பர் அடிச்சிருக்கு, அது 212 சிசி, 7 ஹெச்பி. ஒரு ஹெச்பி 746 வாட், கணக்கு போட்டா 5,200 வாட் வருது, ஸ்டிக்கர்ல உள்ள 6.5 கேவிஏவ வாட்டா மாத்த வழக்கமா பெருக்குற 0.8 போட்டா அதுவும் அதே 5,200 தான். அப்ப இன்ஜின் சக்தி ஒரு சொட்டு கூட வீணாகாம கரண்டா மாறணும், எந்த மெசின்லயும் நடக்காது. அந்த 7 ஹெச்பியே 3,600 ஆர்பிஎம்ல (நிமிசத்துக்கு 3,600 சுத்து) சொல்றது, நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு ஓடுறது 3,000ல, அப்ப சக்தி இன்னும் கம்மி. இந்த சைஸ் இன்ஜின்ல நெஜமா கெடைக்கிறது ரெண்டு, ரெண்டரை கிலோவாட் தான்னு மாமா சொன்னாரு. 5 கிலோவாட் வேணும்னா 188எஃப், 389 சிசி, அதுக்கு மேல பாருங்க. ஸ்டிக்கர நம்பாதீங்க, சிசிய பாருங்க.

சர்விஸ் தான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல். மாசா மாசம் வருவான், ரெண்டு நிமிசம் ஓட்டுவான், போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல போடுவான், கெளம்பிடுவான். மிஞ்ஞாக் ஹீத்தாம் (இன்ஜின் ஆயில்) ஒரு தடவ கூட மாத்தல. புது இன்ஜினுக்கு முதல் 20 மணி நேரத்துல ஒரு தடவ, அப்புறம் 100 மணி நேரம் இல்ல ஆறு மாசம், எது முதல்ல வருதோ அப்ப மாத்தணும்னு அந்த மெசின் பொஸ்தகத்துலயே போட்டிருக்கு. மாமா தொறந்து ஊத்துனாரு, அடியில கொஞ்சூண்டு தான் வந்துச்சு, தார் மாதிரி, அதுல மினுமினுன்னு இரும்புத் தூளு. எண்ணெய் கொறஞ்சா தானா நிக்கிறதுக்கு ஒரு சென்சர் இருக்கும்ல, அதோட மஞ்சள் ஒயர வெட்டி கருப்பு டேப் சுத்தி வச்சிருக்கான்! எண்ணெய் பத்தாம மெசின் நின்னுருக்கு, எண்ணெய் ஊத்துறத விட ஒயர வெட்டுறது அவனுக்கு ஈசி. கார்புரேட்டர்ல பழைய பெட்ரோல் பிசினா ஒட்டிக்கெடந்துச்சு. ஓட்டி முடிச்சா பெட்ரோல் பைப்ப மூடி, இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் விடணும், அவ்வளவுதான் வேலை, அதுக்கு தான் 600 வெள்ளி.

அவன் மெசின வச்ச எடம் அப்பா ரூம் ஜன்னலுக்கு நேர் பின்னாடி, வெட் கிச்சன் கூரைக்கு அடியில. அந்தப் புகையில உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்ல நெறமும் இல்ல, ஜன்னல் கதவுல இருந்து ஒரு 6 மீட்டராச்சும் தள்ளி திறந்த வெளியில தான் ஓட்டணும். நுரையீரல் நோயாளி இருக்கிற வீடுன்னு தெரிஞ்சே வச்சான் பாருங்க.

டிரிபுனல்ல போட்டாச்சு. பயனீட்டாளர் டிரிபுனலுக்கு பீஸ் வெறும் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வைக்கவே கூடாது, பாரத்த நாமளே நெரப்பலாம். ரசீது, ஸ்டிக்கர் போட்டோ, 170எஃப் போட்டோ, வெட்டுன ஒயர் போட்டோ எல்லாம் சேத்து குடுத்திருக்கோம். அதுக்கப்புறம் ஒரு நாள் போன் பண்ணி "ஏன்கா இப்படி பண்றீங்க, கேட்டா நானே சரி பண்ணிருப்பேன்ல"ங்கிறான், கேக்காமயா இருந்தோம்.

உங்க வீட்ல அந்த மாதிரி கேபிள் இருந்தா இன்னைக்கே எடுத்து நடுவுல வெட்டிப் போடுங்க, ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. இதே ஆளுகிட்ட வாங்குன மாதிரி தெரிஞ்சா எனக்கு பிஎம் பண்ணுங்க, பாரத்துல என்னென்ன எழுதணும்னு சொல்றேன்.