ஒரே பால் ஜாயிண்ட் அடிக்கடி போகிறதா? பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள்

பழைய வேன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. எங்கள் வேனில் முன்பக்க இடது லோயர் பால் ஜாயிண்ட் (சக்கரப் பக்கத்தை லோயர் ஆர்மோடு சேர்க்கும் பந்து மூட்டு) மாற்ற மாற்றப் போய்க்கொண்டே இருந்தது. புதுசு போட்ட கொஞ்ச நாளிலேயே வேகத்தடையில் ‘கடக்’ என்று சத்தம், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பு, டயரில் உள்பக்கத் தேய்மானம். ஒவ்வொரு முறையும் பட்டறையில் ஒரே பல்லவி: “பழைய வண்டி சார், ரோடும் மோசம்.” ரோடு மோசம் என்றால் வலது பக்கமும் போகணுமே? அதற்குப் பதில் வராது, பில் மட்டும் வரும்.

கடைசியில் வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் எடுத்தவுடன் பார்ட் விலை பேசவில்லை. லோயர் ஆர்முக்கு, அதாவது சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் கீழ்ப்பக்க இரும்புக் கைக்கு, அடியில் ஜாக்கி கொடுத்தார். லோயர் ஆர்மில் ஸ்பிரிங் உட்காரும் வண்டிகளில் இப்படித் தூக்கினால்தான் ஜாயிண்டில் சுமை விலகி ஆட்டம் தெரியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். அப்போதும் ஆட்டம் குறையவில்லை. பேரிங் ஆட்டமாக இருந்தால் பிரேக் மிதித்ததும் குறைந்திருக்கும்; அதனால் வீல் பேரிங் மேல் இருந்த சந்தேகம் நீங்கியது. கம்பியால் நெம்பியபோதுதான் விஷயம் தெரிந்தது: ஜாயிண்டுக்குள் பந்து மட்டுமல்ல, ஜாயிண்டே ஆர்முக்குள் அசைந்தது.

மேலே அடித்திருந்த கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் வரிசையாக வெல்டிங் பொட்டுகள்! பிரஸ்ஸில் வைத்து இறுக்கமாக ஏற்ற வேண்டிய ஜாயிண்ட் அது. ஆர்மின் துளையே தேய்ந்து அகன்றுவிட்டதால் புது ஜாயிண்ட் பிடிக்கவில்லை. வெல்டு வைத்து ஒட்டி, பெயிண்டால் மறைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் பந்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம் இளகி, கிரீஸ் கருகி, ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் ஓரம் பொரிந்து வெடித்திருந்தது. வெடிப்பு வழியாகத் தண்ணீரும் மண்ணும் போனால் எவ்வளவு நல்ல ஜாயிண்டும் தாங்காது.

லோயர் ஆர்ம் புஷ்ஷும் (ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர்) கிழிந்திருந்தது. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் உள்ளே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு கொடுக்கணும்.

ஆர்மை முழுசாக மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்ததும் சத்தமும் இழுப்பும் நின்றன. கழற்றிய ஆர்மைப் பழைய பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினேன். “அந்த வேலை செஞ்ச பையன் நின்னுட்டான் சார்” என்றார்கள். பணம் திரும்பி வரவில்லை.

பால் ஜாயிண்ட் மாற்றக் கொடுத்தால் கழற்றியதைக் கேட்டு வாங்குங்கள். புதுசு ஏற்றும் முன் ஆர்மின் துளையைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் இப்படி வெல்டிங் பொட்டு தெரிந்தால், அதை ஓட்டிக்கொண்டு இன்னொரு பட்டறைக்குக்கூடப் போக வேண்டாம், கட்டி இழுத்தும் போக வேண்டாம். வேறு வண்டியில் ஏற்றியே கொண்டுபோங்கள். ஓட்டத்தில் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், ஸ்டியரிங் கைக்கு அடங்காது.