லாக்ஸ்பிசி தரவு: கருந்துளை, நியூட்ரான் விண்மீன் ஆய்வுக்கு எவ்வளவு தேறும்?

இரட்டை விண்மீன் அமைப்புகளில் வேகமான எக்ஸ்-கதிர் ஏற்ற இறக்கங்களை ஆராய வேண்டுமா? காசு செலவில்லாமல் கிடைக்கும் தரவுகளில் இந்திய விண்வெளித் தொலைநோக்கியான அஸ்ட்ரோசாட்டின் எக்ஸ்-கதிர் கருவித் தொகுதி லாக்ஸ்பிசியைத் தயங்காமல் எடுக்கலாம். நிறமாலைக்காக (எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் என்று பார்க்க) மட்டும் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட செயற்கைக்கோள் அஸ்ட்ரோசாட். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய லாக்ஸ்பிசியில் ஒரே மாதிரியான மூன்று கருவிகள்: 10, 20, 30. ஒவ்வொன்றிலும் 15 செ.மீ. ஆழத்துக்கு, சுமார் 2 வளிமண்டல அழுத்தத்தில், செனானும் மீத்தேனும் கொண்ட வாயு அடைக்கப்பட்டது (கருவி 10, 20-இல் 90:10 விகிதத்தில்). 3 முதல் 80 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட், கதிரின் ஆற்றல் அலகு) வரை பிடிக்கும். ஒவ்வொரு போட்டானும் வந்த நேரம் 10 மைக்ரோவினாடி துல்லியத்தில் பதிவாகிறது. நாசாவின் எக்ஸ்-கதிர் கருவியான நைசர் 12 கேஇவியோடு நின்றுவிடும். நாசாவின் பழைய எக்ஸ்-கதிர் செயற்கைக்கோளான ஆர்எக்ஸ்டிஇ 20 கேஇவிக்கு மேல் வேகமாகத் திறன் இழந்தது. அதற்கு மேலே துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்க லாக்ஸ்பிசியின் அடர்ந்த வாயுதான் கைகொடுக்கிறது. ஜிஆர்எஸ் 1915+105 கருந்துளையில் 67.4 ஹெர்ட்ஸிலிருந்து 72.3 ஹெர்ட்ஸ் வரை நகரும் அலைவை இந்தத் தரவில்தான் தெளிவாகத் தொடர்ந்தார்கள்.

இஸ்ரோவின் அஸ்ட்ரோபிரவுஸ் தளத்தில் பதிவு செய்துகொண்டால் போதும், பொதுவில் வந்த தரவைத் தரவிறக்கலாம். லெவல்-1 (பதப்படுத்தாத) கோப்பை எடுப்பதே நல்லது. சுற்றுவாரியாக வரும் கோப்புகளில் ஒரே நேரப்பகுதி இரண்டு முறை இடம்பெறும். அவற்றை ஒட்டி, இரட்டிப்பை நீக்கி ஒரே நிகழ்வுக் கோப்பாக்கும் வேலையை லாக்ஸ்பிசி மென்பொருளின் 'மேக் ஈவென்ட்' செய்துவிடும். அடுத்து 'மேக் எஸ்டிடிஜிடிஐ': பூமி மறைத்த நேரமும் தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதியைக் கடந்த நேரமும் கழிந்துவிடும். இதைத் தாண்டிக் குதித்து லைட் கர்வ் (நேரத்தோடு ஒளி மாறும் வரைபடம்) வரைந்தால், சுற்றுக்கு ஒரு முறை வரும் பள்ளத்தை விண்மீனின் குணம் என்று நம்பிவிட நேரும். செயற்கைக்கோள் ஒரு சுற்று வர ஏறத்தாழ 98 நிமிடம் ஆகிறது. அந்த இடைவெளியில் எது திரும்பத் திரும்ப வந்தாலும் முதலில் சந்தேகப்படுங்கள்.

பவர் ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று காட்டும் வரைபடம்) பெரும்பாலோர் சறுக்குவது டெட் டைமில். ஒரு போட்டானைப் பதிந்த பிறகு கருவி சுமார் 43 மைக்ரோவினாடி அடுத்ததை ஏற்காது. ஒரு கருவியில் வினாடிக்கு 3000 எண்ணிக்கை பதிவானால் ஏறக்குறைய 13 சதவீத நேரம் கண் மூடியே இருக்கிறது என்று பொருள். அதனால் லீஹி அளவில் (பவர் ஸ்பெக்ட்ரத்தை அளக்கும் ஒரு வழக்கமான முறை) 2 இருக்க வேண்டிய இரைச்சல் மட்டம் கீழே இறங்கும், அதிர்வெண்ணுக்கேற்ப வளையவும் செய்யும். கண்ணை மூடிக்கொண்டு 2-ஐக் கழித்தால் பலவீனமான கிலோஹெர்ட்ஸ் அலைவின் வலிமை தவறாக வரும். டெட் டைம் திருத்திய மட்டத்தையே கழியுங்கள்.

நிறமாலையில் முக்கியமான தடை 2018 மார்ச்சில் வந்தது. வாயுக் கசிவால் கருவி 30 அணைக்கப்பட்டது. அதே மாதத்தில் கருவி 10-இன் கெயினும் (குறிப்பலையைப் பெருக்கும் அளவு) நிலைகுலைந்தது. அதற்குப் பிந்தைய தரவுக்குக் கருவி 20 மட்டும் போதும். முந்தைய தரவிலும் நாங்கள் சொல்வது அதையேதான்: கருவி 20, மேல் அடுக்கு, 4 முதல் 25 கேஇவி, 1 முதல் 3 சதவீதம் சிஸ்டமேட்டிக் பிழை (கருவியின் அளவீட்டுக் குறைபாட்டுக்கான ஒதுக்கீடு). 30 கேஇவிக்கு மேல் பின்புலம் (பொருளிலிருந்து வராத எண்ணிக்கை) ஓங்கிவிடுவதால் அங்கே தெரியும் 'வளைவு' எதையும் உடனே மாடலில் சேர்க்காதீர்கள். மங்கலான பொருளுக்குத் தனிப் பின்புல முறை இருக்கிறது. 50–80 கேஇவியில் வருவதெல்லாம் பின்புலமே என்று கொண்டு அது அளவிடும்; பிரகாசமான பொருளில் அதைப் பயன்படுத்தக் கூடாது. பொருளைச் சுற்றும் வாயு வட்டின் வெப்பம் வேண்டுமென்றால் அஸ்ட்ரோசாட்டின் குறை ஆற்றல் எக்ஸ்-கதிர் தொலைநோக்கியான எஸ்எக்ஸ்டி தரவையும் சேர்த்தே பொருத்த வேண்டும். கருந்துளை மென்நிலையில் (குறை ஆற்றல் கதிர் ஓங்கும் நிலை) வட்டு சுமார் 1 கேஇவியில்தான் ஒளிரும், லாக்ஸ்பிசிக்கு எட்டுவது அதன் வால் மட்டுமே.

பார்வைப்புலம் சுமார் ஒரு பாகை என்பதும் சிக்கல்தான், இது பிம்பம் எடுக்கும் கருவி அல்ல. 4யு 1728-34 நியூட்ரான் விண்மீனுக்கு அரைப் பாகை தூரத்தில் ரேபிட் பர்ஸ்டர் என்ற இன்னொரு நியூட்ரான் விண்மீன் இருக்கிறது. அது விழித்திருக்கும் காலத்தில் இரண்டின் ஒளியும் கலந்துவிடும். வானம் முழுவதையும் எக்ஸ்-கதிரில் கண்காணிக்கும் மேக்ஸி கருவியின் அன்றாட லைட் கர்வைப் பார்த்து, அண்டைப் பொருள் அடங்கியிருந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இதே 4யு 1728-34-இன் 2016 மார்ச் தரவை எடுக்கலாம். கருந்துளைக்குத் திடமான மேற்பரப்பு கிடையாது. நியூட்ரான் விண்மீனில் வாயு மேற்பரப்பில் குவிந்து தீப்பிடிக்கும். அந்த வெடிப்பு சில பத்து வினாடிகள் நீடிக்கும். வெடிப்புப் பகுதியை மட்டும் வெட்டி, 1 வினாடித் துண்டுகளாக்கி, 0.25 மில்லிவினாடி பின்னில் (நேர இடைவெளியில்) பவர் ஸ்பெக்ட்ரம் எடுங்கள். 2000 ஹெர்ட்ஸ் வரை தெரியும். 363 ஹெர்ட்ஸில் விண்மீனின் சுழற்சி எட்டிப் பார்க்கும். வெடிப்பை விலக்கிய பகுதியில் 815 ஹெர்ட்ஸ் அருகே தொடங்கி 850 வரை நகரும் அலைவைத் தேடுங்கள். முழுத் தரவையும் ஒரே சராசரியாக எடுத்தால் அந்த நகர்வு சிகரத்தை அகலமாக்கிக் கரைத்துவிடும். சிறு பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பதே சரி.